பந்தும் பத்து ஊசியும்

இங்கிலாந்து தேசத்தில் ஜான் நியூபெரி என்று ஒரு புத்தக வியாபாரி இருந்தார். குழந்தைகளுக்கென்றே புத்தகம் அச்சிட்டால் பெற்றோர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்ட முதல் சிலரில் அவரும் ஒருவர். 1744-ஆம் ஆண்டில் அவர் உள்ளங்கை அகலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். எழுத்து வரிசைப்படி ஓர் எழுத்துக்கு ஒரு விளையாட்டு. விளையாட்டுக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே சின்னப் பாட்டு. பேஸ்பால் என்ற பெயர் முதல் முதலில் அச்சேறியது அந்தப் புத்தகத்தில்தான் என்று விளையாட்டுச் சரித்திரக்காரர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

புத்தகத்தின் விலை ஆறு பென்ஸ். கூட இரண்டு பென்ஸ் கொடுத்தால், பையனாயிருந்தால் ஒரு பந்தும், பெண்ணாயிருந்தால் ஊசி செருகும் சிறு மெத்தையும் கிடைக்கும். நியூபெரி கெட்டிக்கார வியாபாரி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பந்து லேசுப்பட்ட பந்து அல்ல. ஒரு பாதி சிவப்பு, மறு பாதி கறுப்பு. கூடவே பத்து ஊசிகள். பையன் நல்ல காரியம் செய்தால் சிவப்புப் பக்கத்தில் ஓர் ஊசியைச் செருக வேண்டும். கெட்ட காரியம் செய்தால் கறுப்புப் பக்கத்தில். பத்து ஊசியும் சிவப்புக்கு வந்து சேர்ந்தால் ஒரு பென்னி பரிசு!

பத்து ஊசி செருகிய பந்தை எந்தப் பையன் கையை நீட்டிப் பிடிப்பான் என்று நியூபெரி யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. புத்தகத்திலும் அப்படித்தான். விளையாட்டைச் சொல்லும் நாலு வரிப் பாட்டுக்குக் கீழே தவறாமல் ஒரு நீதி இருக்கும். பட்டம் விட்டால் ஒரு நீதி, கோலி உருட்டினால் ஒரு நீதி.

குழந்தைகளுக்கு எழுதும் காரியத்தில் இருநூற்றெண்பது வருஷங்களாகப் பெரியவர்கள் படும் அவஸ்தை முழுவதும் இந்த ஊசிப் பந்தில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைக்கு விளையாட்டைக் கொடுக்க நமக்கு ஆசைதான். ஊசி செருகாமல் கொடுக்கத்தான் மனம் வருவதில்லை.

*

நம்முடைய தமிழ்நாட்டுக் கதை வேறு விதமாக ஆரம்பிக்கிறது.

பழைய தமிழ்ப் புலவர்களுக்குக் குழந்தை விளையாட்டு என்றால் கொள்ளைப் பிரியம். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வருகிறார். நெல்லைக் கொத்த வந்த கோழியின் மேல் பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தத் தங்கக் குழை, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரத் தேரை வழி மறிக்கிறதாம். நகரத்தின் ஐசுவரியத்துக்கு அளவுகோல் ஒரு நடை வண்டி!

பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்தமே குழந்தையின் ஆட்டபாட்டத்தைப் பருவமாகப் பிரித்துக்கொண்டு பாடுவது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில் அழிப்பது, சிறுபறை கொட்டுவது, சிறுதேர் உருட்டுவது. பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். அம்புலிப் பருவத்தில் வானத்துச் சந்திரனையே கீழே இறங்கி வந்து குழந்தையோடு விளையாடும்படி அழைப்பார்கள். வர மறுத்தால் மிரட்டுவதும் உண்டு. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில், தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுவதற்கு ஒரு பதிகமே ஒதுக்கியிருக்கிறாள். மாணிக்கவாசகரோ பெண்கள் விளையாடும்போது பாடும் மெட்டுக்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். அம்மானை, பொன்னூசல், தெள்ளேணம், சாழல், பூவல்லி, தோணோக்கம் என்று திருவாசகத்தில் வரும் தலைப்புக்களைப் படித்துக்கொண்டே போனால், பழைய காலத்துத் தெரு ஒன்றில் மாலை வேளையில் நடப்பது போல் இருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் குழந்தைகளைப் பற்றிப் பெரியவர்களுக்காகப் பாடியவை. குழந்தை படிப்பதற்கென்று எழுதியவை அல்ல. குழந்தைக்கு வேண்டிய கதை பாட்டியின் வாயில் இருந்தது. குழந்தைக்கு வேண்டிய விளையாட்டு அடுத்த வீட்டு அக்காளிடம் இருந்தது. எழுதி வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

நான் இருக்கும் திருநின்றவூரில் அப்படிப் பாட்டிமார் வாயிலாகவே வந்த ஒரு கதை உண்டு. பெரிய புராணத்தில் சேக்கிழார் பாடி வைத்ததுதான். அவருக்கும் சொந்த ஊர் இந்தப் பக்கத்துக் குன்றத்தூர். பூசலார் என்ற ஏழை பக்தருக்குச் சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசை. கையில் காசில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சர்களை அமர்த்தி, அஸ்திவாரம் போட்டு, விமானம் எழுப்பி, கிணறு வெட்டி, மதில் வைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னர் உண்மையாகவே கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னர் கனவில் வந்து, "நாளை நாம் நின்றவூரில் இருப்போம். உன் விழாவைத் தள்ளி வைத்துக்கொள்" என்கிறார். மன்னர் பதறிக்கொண்டு இங்கே வந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று ஊராரைக் கேட்டால், அப்படி ஒரு கோயில் இல்லவே இல்லை! இருதயாலீசுவரர் என்ற பெயரோடு இன்று இவ்வூரில் இருக்கும் சிவாலயம் அந்த நினைவில் எழுந்ததுதான்.

பெரியவர்கள் இதை பக்தியின் கதையாகக் கேட்கிறார்கள். குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கொஞ்சங்கூட ஆச்சரியப்படுவதில்லை. இல்லாத சுவரையும் இல்லாத கதவையும் வைத்து வீடு கட்டிக் குடித்தனம் நடத்துவது அவர்களுக்கு அன்றாடக் காரியம். பூசலார் கிணறு வெட்ட மறக்கவில்லை என்பதைக் கேட்டதும் தலையை ஆட்டுவார்கள். வீடு என்றால் கிணறு வேண்டாமா?

*

அச்சு யந்திரம் வந்த பிறகுதான் தமிழ்க் குழந்தைக்குப் புத்தகம் வந்தது. வந்த வழி சற்று வேடிக்கையானது. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் லண்டனில் அச்சிட்டார். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். முட்டாள் குருவும் அவரைவிட முட்டாள்களான ஐந்து சீடர்களும் துரைமார்களை விட்டுவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள். 1826-இல் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் அச்சாயிற்று. அதுவும் சென்னைக் கோட்டைக் கல்லூரிச் சூழ்நிலையில் பிறந்ததுதான். அதுவும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. 1840-இல் நாகர்கோவிலிலிருந்து பாலதீபிகை என்று ஒரு பத்திரிகை வந்தது. தமிழில் சிறுவர்களுக்கென்று வந்த முதல் பத்திரிகை அதுவே என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வைத்து, 1850 தொடங்கிப் பாலபாடங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார்.

பாதிரிமார்களும் நாவலரும் மதத்தில் எதிரெதிர்க் கட்சி. ஆனால் ஒரு விஷயத்தில் இரு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம். குழந்தை படிப்பது நல்ல குழந்தை ஆவதற்காக. அதில் குற்றம் சொல்ல முடியாது. எழுத்து வாசனையே ஊருக்குச் சிலருக்குத்தான் என்றிருந்த காலத்தில், அகப்பட்ட காகிதத்தில் நல்லதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்கள்? விளையாட்டுக்கு அங்கே இடமில்லை. பள்ளிக்கூடமும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகை என்பது வாத்தியாரும் பையனும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருந்த சித்தாந்தம்.

நம் பேச்சு வழக்கே இதற்குச் சாட்சி. "விளையாட்டுப் பிள்ளை" என்றால் பொறுப்பில்லாதவன். "விளையாட்டாய்ச் சொன்னேன்" என்றால் அர்த்தமில்லாமல் சொன்னேன். "என்ன, விளையாடுகிறாயா?" என்று ஒருவர் கேட்டால் அடுத்தபடி கை ஓங்கப் போகிறார் என்று அர்த்தம். ஆண்டவன் செய்தால் மட்டும் அது திருவிளையாடல்.

இந்தச் சித்தாந்தத்தை முதலில் உடைத்தவர் பாரதியார். 1915-இல் அவர் எழுதிய பாப்பாப் பாட்டின் முதல் கட்டளையே விளையாடச் சொல்வதுதான். காலையில் படிப்பும் கனிவு கொடுக்கும் பாட்டும் முடிந்தால், மாலை முழுவதும் பாப்பாவுக்கே என்று நாளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். சூதும் சோம்பலும் கூடாது என்று சொல்ல நிறையப் பேர் இருந்த தேசத்தில், விளையாட்டைப் பாடத்திட்டத்தில் சேர்த்தவர் அவர்.

*

1947 ஜூலையில் சென்னையிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் ஆரம்பித்தது. பிள்ளைத்தமிழில் விளையாட வரும்படி அழைத்தும் இறங்கி வராத அந்த அம்புலி, அன்றைக்குக் காகிதத்தில் ஏறித் தமிழ்க் குழந்தையின் கைக்கு வந்துவிட்டது. அம்புலிமாமாவைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல இருக்கிறது? 1952 முதல் 1980 வரை குடும்பராவ் என்ற பெரிய தெலுங்கு எழுத்தாளர் அதற்கு உயிராக இருந்தார். 1950-களில் வந்து சேர்ந்த ஓவியர் சங்கர், முருங்கை மரத்து வேதாளத்தையும் வாள் ஏந்திய விக்கிரமாதித்தனையும் வரைந்தார். 2020-இல் தொண்ணூற்றாறு வயதில் அவர் காலமானபோது, பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டுப் பெரியவர் போய்விட்டதைப் போல் துக்கப்பட்டார்கள்.

1948-இல் தமிழ்வாணனை ஆசிரியராகக் கொண்டு கல்கண்டு வந்தது. 1950-இல் கலைமகள் காரியாலயத்திலிருந்து ஆர்வியின் ஆசிரியப் பொறுப்பில் கண்ணன் வந்தது. அதே 1950-இல் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தை ஆரம்பித்தார். பகலில் இந்தியன் பாங்கியில் கணக்கு, மீதி நேரமெல்லாம் குழந்தைப் பாட்டு என்று வாழ்ந்த மனிதர். அவர் பிறந்த இராயவரமும், வாண்டுமாமா பிறந்த அரிமழமும் புதுக்கோட்டைச் சீமை. அந்த மண்ணில் என்ன இருந்ததோ தெரியவில்லை. தமிழ்க் குழந்தைகளுக்கு இரண்டு மாமாக்களைக் கொடுத்தது.

ஏன் எல்லாம் இந்தப் பத்து வருஷத்துக்குள் வந்தன? சுதந்திரம் வந்த உற்சாகம் ஒன்று. 1948-இல் சென்னை ராஜதானியில் நூலகச் சட்டம் வந்தது. எங்களுக்கு நாலு ஸ்டேஷன் கிழக்கே இருக்கும் ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் கதி என்ன ஆனாலும், மறு வருஷம் காமராஜர் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சோறு போட ஆரம்பித்தார். சோற்றுக்கு வந்த பிள்ளை எழுத்துக் கூட்டவும் கற்றுக்கொண்டது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கதை வேண்டியிருந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை முதல் தேதி ஓடிய தென்னாட்டின் முதல் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று. அந்த நாளில் துரைமார் வாயில் ஊர்ப் பெயர் டின்னனூர். நூறு வருஷங்களுக்குப் பிறகு அதே தண்டவாளத்தின் மேல் அம்புலிமாமாக் கட்டுகள் போயின.

இந்தப் பத்திரிகைகளில் விளையாட்டுக்கும் பக்கம் ஒதுக்கினார்கள். இங்கேதான் ஒரு நுட்பமான மாறுதல் நடந்தது. என்ன விளையாட்டு? விடுகதை, புதிர், புள்ளிகளைச் சேர்த்துப் படம் போடுவது, இரண்டு படத்துக்கு ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பது, தீக்குச்சிகளை நகர்த்துவது, இரண்டு புகைப்படத்துக்குப் பொருத்தமாகத் தலைப்பு எழுதி அனுப்புவது. எல்லாம் ஒரு குழந்தை தன்னந்தனியாக உட்கார்ந்து ஆடக் கூடியவை. தெருவில் ஆடும் விளையாட்டுக்கு எட்டுப் பேர் வேண்டும். பத்திரிகையோ ஒரு குழந்தையின் கைக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆகவே பத்திரிகை தனக்கென்று ஒரு விளையாட்டைச் சிருஷ்டித்துக்கொண்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காய்ச்சலில் படுத்த பிள்ளை, பெரியவளாகிவிட்டாள் என்று வாசலுக்கு விடாமல் வைத்த பெண், கூட ஆட ஆளில்லாத ஒற்றைக் குழந்தை, வீட்டு வேலையின் நடுவே பத்து நிமிஷம் திருடிக்கொள்ளும் சிறுமி, இவர்கள் எல்லோருக்கும் தெரு மூடியிருந்தது, பத்திரிகை திறந்திருந்தது. ஆறு வித்தியாசத்தில் ஆறாவதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் பக்கத்தில் ஆளில்லை. அந்தச் சந்தோஷத்தை ஆசிரியருக்குக் கார்டில் எழுதிப் போட்டார்கள். அச்சில் தன் பெயர் வந்த இதழைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் பெண்மணிகளை நான் அறிவேன்.

கடல் தாண்டியும் இது நடந்தது. சிங்கப்பூரில் தமிழ் முரசு 1950-களில் மாணவர் மணிமன்றம் என்று மாணவர்களுக்குத் தனிப் பகுதி வைத்தது. அங்கும் மலாயாவிலும் பிற்பாடு பெயர் பெற்ற எழுத்தாளர்கள் பலருக்கு அதுதான் முதல் விளையாட்டு மைதானம்.

*

தெரு விளையாட்டை எழுதி வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தவர் பத்திரிகைக்காரர் அல்லர், ஒரு தமிழ் வாத்தியார். தேவநேயப் பாவாணரை வேர்ச்சொல் ஆராய்ச்சிக்காரர் என்றே உலகம் அறியும். உலக மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழே என்று அவர் வாதிட்டதை ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் 1954-இல் வெளியான "தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்" என்ற அவருடைய சிறு நூலில் கட்சி பிரிய ஒன்றுமில்லை. ஆண்பாற் பகுதி, பெண்பாற் பகுதி, இருபாற் பகுதி என்று பிரித்து, அதற்குள் பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று மறுபடியும் பிரித்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆட்கள் எத்தனை, கருவி என்ன, இடம் எது, முறை என்ன என்று இலக்கணம் எழுதுவது போலவே எழுதிவிட்டார். தொல்காப்பியத்துக்குக் காட்டும் மரியாதையைக் கோலிக்குண்டுக்கும் காட்டிய மனிதர் என்று அவரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

அந்த மரியாதைக்கு நம் விளையாட்டுக்கள் தகுதியானவையே. ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். 23 புள்ளிகள், புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. பலத்தில் பாதிகூட ஒப்பில்லாத இரண்டு கட்சிகளை எதிரெதிரே நிறுத்தி, ஆட்டை மட்டும் சமமாக்கியவன் யார்? ஆடுகள் சேர்ந்து நின்றால் புலிக்கு நகர இடமில்லை. ஓர் ஆடு பிரிந்தால் கதை முடிந்தது. கோயில் மண்டபத்துக் கல்லில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்தவன் வியாக்கியானம் எழுதவில்லை.

பல்லாங்குழியில் பதினான்கு குழி. ஒரு குழியை வாரி வரிசையாக இட்டுக்கொண்டு போய், காய் தீர்ந்த இடத்துக்கு அடுத்த குழியை வாரி மறுபடியும் இட வேண்டும். அடுத்த குழி காலியாயிருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கப்பால் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஏதாவது குழியில் நாலு காய் சேர்ந்தால் அது பசு. குழிக்கு உடையவள் அள்ளிக்கொள்வாள். இதே குடும்பத்து ஆட்டத்தை ஆப்பிரிக்கா முழுவதும் ஆடுகிறார்கள். 1560-இல் புரூகல் என்ற ஓவியர் ஒரு சதுக்கத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் விளையாடுவதாக வரைந்த சித்திரம் வியன்னாவில் இருக்கிறது. அதில் ஐந்தாங்கல்லும் இருக்கிறது, பச்சைக் குதிரையும் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கும் நம் குழந்தைகளுக்கும் யார் தூது போனார்கள்?

பாவாணர் நூல் வந்து ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 1959-இல், இங்கிலாந்தில் ஓப்பீ தம்பதிகள் பள்ளிச் சிறுவர்களின் பேச்சையும் வழக்கங்களையும் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். எழுபது பள்ளிகள், ஏறக்குறைய 5,000 குழந்தைகள். பெரியவர்களைக் கேட்காமல் குழந்தைகளையே கேட்டார்கள் என்பதுதான் விசேஷம். ஓடிப் பிடித்து ஆடும்போது மூச்சு வாங்கினால் "நிறுத்து" என்பதற்கு எந்த ஜில்லாவில் எந்த வார்த்தை என்று தேசப்படமே போட்டார்கள். நம் சென்னைப் பக்கத்தில் அதற்கு "டைம் ப்ளீஸ்" என்று பெயர். வேகமாகச் சொல்லும்போது அது இங்கிலீஷ் என்று இங்கிலீஷ்காரனுக்கே தெரியாது. கட்சி பிரிப்பதற்கு "சா பூ த்ரீ" என்று கையைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதும் அப்படியே. எந்தத் துரை எந்த மைதானத்தில் சொன்னதை எந்தப் பையன் காதில் வாங்கினானோ! எந்தப் பாடப் புத்தகத்திலும் அச்சாகாமலே அது வாழ்கிறது.

எழுதி வைப்பதில் ஓர் அபாயமும் உண்டு. சடுகுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு பாட்டை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போய்த் தொட்டு வந்த ஆட்டம் அது. விதிகளை ஒழுங்குபடுத்தினார்கள், 1936-இல் பெர்லினில் ஆடிக் காட்டினார்கள், 1990-இல் பீகிங்கில் ஆசிய விளையாட்டில் சேர்த்தார்கள். பெருமைதான். ஆனால் பாட்டு போய்விட்டது. "கபடி, கபடி" என்ற ஒற்றைச் சொல் நின்றது. நடுவர் வந்தால் பாட்டு எதற்கு?

*

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமை ஆசிரியை அம்மாள் ஆண்டு மலருக்குக் கதைகளும் விளையாட்டுக் கட்டுரைகளும் சேர்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத் தரும்படி என்னிடம் அனுப்பினார். முப்பது கட்டுரை இருக்கும். பல்லாங்குழியால் கணித அறிவு வளரும். பாண்டியால் கால் வலுப்பெறும். பம்பரத்தால் மனம் ஒருமுகப்படும். கண்ணாமூச்சியால் கூடக் கூர்நோக்குத் திறன் வளருகிறது. தலைப்பே "பாரம்பரிய விளையாட்டுகளும் அவற்றின் பயன்களும்" என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒருவன் மட்டும் பயன்கள் என்று போட்டு அடிக்கோடு கிழித்து, அதன் கீழே, "நேரம் போவதே தெரியாது" என்று ஒரே வரி எழுதியிருந்தான். அந்தக் கட்டுரைக்கு முதல் இடம் கொடுக்கும்படி அம்மாளிடம் சொன்னேன். அம்மாள் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அந்தப் பையன் எந்த விளையாட்டை மனத்தில் வைத்து எழுதினான் என்று தெரியாது. எங்கள் தெருவில் கோலியும் கில்லியும் போய்விட்டன. காரணம் செல்போன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. மறு பாதியை யாரும் சொல்வதில்லை. ஏரிப் பக்கத்து நிலமெல்லாம் பிளாட் ஆகி, தெருவுக்குத் தெரு சிமெண்டு போட்டாகிவிட்டது. கோலிக்குக் குழி வேண்டும். கில்லிக்கும் குழி வேண்டும். சிமெண்டில் யார் குழி தோண்டுவது? பாண்டி மட்டும் பிழைத்துக்கொண்டது. சாக்குக் கட்டியாலோ செங்கல் துண்டாலோ கட்டம் போட்டுக்கொள்ளலாம்.

அப்படிப் போட்ட ஒரு கட்டத்தின் அருகே நின்று, ஆட்டம் எப்படி என்று கேட்டேன்.

"நாலாவது கட்டத்துல ரெண்டு காலும் ஊனலாம், அங்கிள்" என்றது ஒரு பெண்.

"பொய் சொல்றா அங்கிள். எட்டுலதான் ஊனணும். நாலுல வெச்சா அவுட்டு" என்றது இன்னொன்று.

"எங்க ஆயா வீட்ல நாலுலதான் வெப்போம்."

"இது உங்க ஆயா வீடா? போங்காட்டம் ஆடாதே!"

பத்து நிமிஷம் வாதம் நடந்தது. நான் ஒருவன் நிற்பதையே மறந்துவிட்டார்கள். கடைசியில், இந்தத் தெருவில் எட்டு, லீவுக்கு ஆயா ஊருக்குப் போனால் நாலு என்று தீர்ப்பாகி, ஆட்டம் தொடர்ந்தது. ஹைகோர்ட்டில் இப்படி ஒரு வழக்கு இவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் கேள்விப்பட்டதில்லை. விளையாட்டின் பயன் என்று ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் இந்தச் சண்டையைச் சொல்வேன். விதி மேலேயிருந்து வருவதல்ல, நாமே பேசி வைத்துக்கொள்வது என்பதைப் பெரியவர் துணையில்லாமல் கற்கும் இடம் வேறு எது இருக்கிறது?

*

பத்திரிகைகளின் கதையையும் முடித்துவிட வேண்டும். 1972-இல் கல்கி காரியாலயம் கோகுலத்தை ஆரம்பித்தது. அதே வருஷம் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை அனுப்பியது. 1984-இல் வாண்டுமாமாவின் கையில் பூந்தளிர் வந்தது. என் வயதுக்காரர்கள் தமிழ் படித்தது இவற்றில்தான். அம்புலிமாமா 2013 வாக்கில் நின்றது. கோகுலம் 2019-இல் நின்றது. சுட்டி விகடன் 2020-இல் நின்றது. 2022-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஊஞ்சல், தேன்சிட்டு என்று இரண்டு இதழ்களைத் தொடங்கியது. ஊஞ்சல் என்று விளையாட்டின் பெயரையே வைத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. சர்க்கார் கொடுக்கும் காகிதத்தில், கடையில் வாங்க முடியாத பிள்ளைக்கும் கதை போய்ச் சேருவது சின்ன விஷயமல்ல.

இவற்றுக்கு எழுதுகிறவர்களிடமும், ஆண்டு மலர் போடும் ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். விளையாட்டைப் பற்றி எழுதும்போது பயனை விட்டுவிடுங்கள், சண்டையை எழுதுங்கள். எந்தத் தெருவில் எந்தக் கட்டத்தில் கால் ஊனலாம், தோற்றவனுக்கு என்ன தண்டனை, எதைச் செய்தால் போங்கு, மூச்சு வாங்க என்ன வார்த்தை என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். நாலு பிள்ளைகள் நாலு விதமாக எழுதினால் நாலையும் அச்சுப் போடுங்கள். பாவாணர் ஒருவர் தம் காலத்துக்கு எழுதியதை, பள்ளிக்கூடத்துக்கு முப்பது பாவாணர்கள் தங்கள் காலத்துக்கு எழுதட்டும்.

எழுதும்போது ஒப்புக்குச் சப்பாணியை மறந்துவிடக் கூடாது. பெரிய பிள்ளைகள் ஆடும்போது நாலு வயதுத் தம்பி தானும் ஆடுவேன் என்று அழுவான். சேர்த்தால் ஆட்டம் கெடும். சேர்க்காவிட்டால் அம்மாவிடம் போவான். ஆகவே அவனை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடுவார்கள். அவன் ஓடலாம், கத்தலாம், தொடலாம். அவன் அவுட் ஆகமாட்டான். அவன் தொட்டாலும் யாரும் அவுட் ஆகமாட்டார்கள். தான் கணக்கில் இல்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. சப்பாணி என்றால் கால் ஊனம் என்று அகராதி சொல்லும். பிள்ளைத்தமிழில் அது குழந்தை கை கொட்டி மகிழும் பருவம். எந்தச் சப்பாணி இந்தச் சப்பாணி என்பதைப் பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். எனக்குக் கை கொட்டும் சப்பாணியைத்தான் பிடித்திருக்கிறது.

உலகத்து விளையாட்டுச் சங்கங்களின் விதிப் புத்தகம் எதிலும் இந்த விதியை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் போட்டிகளிலும் இதற்கு இடம் கிடையாது. தெருவில், பெயர் தெரியாத பிள்ளைகள், யாரும் ஊசி செருகாமலே இதைக் கண்டுபிடித்தார்கள். சீக்கிரம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.